சுடாமல் கொல்லும் துவக்கு

துவக்கின் வாயிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு காலில் செருப்பு இருந்தது. மற்றக் காலில் இல்லை.

ஸைனுலாப்தீன் முதலாளியின் கையிலிருந்த பால் விடாத பிளேன்ரீ கோப்பையோடு நிலத்தில் விழுந்தது.

துவக்கு என்றால் காட்டுக்கோழி சுடுகிற துவக்கு அல்ல. போர்க்கப்பலில் பூட்டுகிற பீரங்கி. வெட்டிச் சாய்த்த தென்னைமரம் போல நீளம். பாரம் எண்பது தொன். பதினாலு அங்குல வாய். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், தன் கப்பல்களுக்கு மாற்றுக் குழல் தேவைப்படும் என்று கொண்டுவந்த வெள்ளைக்காரக் கடற்படை, அதைத் திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்தில் மரக்கட்டைகளின் மேல் கிடத்தி வைத்தது. ஐம்பத்தேழில் தளத்தை ஒப்படைத்துவிட்டு வெள்ளைக்காரன் கப்பலேறினான்.

கொடியை மடித்து எடுத்துக்கொண்டான்.

துவக்கை மடிக்க முடியவில்லை.

நாலு வருடம் காகத்துக்கும் கடற்காற்றுக்கும் சொந்தமாகக் கிடந்த அதை, பழைய இரும்பு வியாபாரி ஸைனுலாப்தீனும் அவருடைய பங்காளி அருளம்பலமும் ஏலத்தில் எடுத்தார்கள். அசைக்க வழியில்லை. கிடந்த இடத்திலேயே சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்து, அங்கேயே துண்டு துண்டாக வெட்டுவது என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

வெட்டுக்கு இன்னும் இரண்டே நாள். இந்த நேரத்தில் இரண்டு கால்கள்...

முதலாளி கிட்டப் போனார். செருப்பைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது. பக்கீர். காஸ் நெருப்பால் இரும்பு வெட்டுகிற கிண்ணியாக்காரன். இந்தத் துவக்கை வெட்டுவதற்கென்றே அமர்த்திய ஆள்.

முதலாளி கண்ணை மூடி, யாராவது இறந்து மௌத்தான செய்தி கேட்டால் ஓதுகிறதை ஓதத் தொடங்கினார்.

பாதி ஓதும்போது ஒரு பெருவிரல் அசைந்தது.

பிறகு, ஆழக் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, எண்பது தொன் உருக்கும் சேர்ந்து முழங்க, ஒரு குரல் வந்தது.

"தண்ணி..."

*

இன்ஸ்பெக்டர் சோமசேகரம் ஜீப்பை விட்டு இறங்கியபோது பக்கீரை வெளியே இழுத்தெடுத்திருந்தார்கள். ஒரு தோள்மூட்டு விலகியிருந்தது. நெற்றி வெடித்திருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அந்தக் கையால் இப்போதைக்குச் சோறுகூட அள்ள ஏலாது, இரும்பு வெட்டுவதைப் பற்றிக் கதையே வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

கட்டிலில் கிடந்தபடி பக்கீர் நடந்ததைச் சொன்னான். துவக்குக் குழலுக்குள் கறள் பிடிக்காமல் இருக்க வெள்ளைக்காரன் கிறீஸ் பூசி வைத்திருந்தான். வெட்டும்போது அது நெருப்புப் பிடிக்கும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க, முதல் நாள் பின்னேரம் எல்லாரும் போனபிறகு, டோர்ச் லைட்டோடு தலையையும் கைகளையும் துவக்கின் வாய்க்குள் நுழைத்தான். பக்கீர் ஈர்க்குக்குச்சி போல ஆள். சுகமாக நுழைந்துவிட்டது.

அப்போதுதான் யாரோ பின்னாலிருந்து அவனுடைய இரண்டு கால்களையும் பிடித்து, தோசைக்கல்லுக்குக் கீழே விறகு தள்ளுவது போல ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். தோள் இறுகியது. நெற்றி உள்விளிம்பில் அடித்தது. அதற்குப் பிறகு விடியும்வரை ஒன்றும் தெரியாது.

சப் இன்ஸ்பெக்டர் பாக்கியரத்தினம் முக்கியமான கேள்வியைக் கேட்டார். "தள்ளின ஆளின்ரை முகத்தைப் பாத்தனியோ?"

பக்கீர் அவரை இரக்கத்தோடு பார்த்தான்.

"சேர்... என்ட தல துவக்குக்குள்ள இரிந்திச்சி."

பாக்கியரத்தினம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

*

முதலாளியின் வீடு நகரத்துக்குள் இருந்தது. முன்னறையில் டெலிபோன் ஒன்று கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் முதலாளிக்கு வியர்த்தது. தேடி வந்த இன்ஸ்பெக்டரிடம் காரணத்தைச் சொன்னார். போன கிழமை முழுக்க அதில் மிரட்டல் வந்துகொண்டிருந்தது. துவக்கை வெட்டினால் ஓர் ஆள் சாவார் என்று.

"குரல் எப்பிடி?"

முதலாளி மனைவியைப் பார்த்தார். றம்லா கதவுச்சேலைக்குப் பின்னாலிருந்து முன்னுக்கு வந்தார். அவர்தான் அதிகம் எடுத்தவர்.

"மிரட்டுற ஆள் மாதிரி இல்ல சேர். 'காலை வணக்கம்' எண்டு செல்லித்தான் துவங்கின. 'அந்தத் துவக்கை வெட்டாதீர்கள், வெட்டினால் ஒரு மரணம் சம்பவிக்கும்.' பொறகு, 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' எண்டு செல்லித்தான் வெச்ச. ஒருநாள் எனக்கு இருமல். வெந்நீர் குடிக்கச் சென்னாரு."

இன்ஸ்பெக்டர் இருபது வருடமாகப் பொலிசில் இருக்கிறார். இருமலுக்கு மருந்து சொன்ன மிரட்டல்காரனை இதுவரை சந்தித்ததில்லை.

பங்காளி அருளம்பலமும் அங்கே இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, தங்க விளிம்புக் கண்ணாடி. யாரையும் நோகப் பேசாதவர் என்று ஊரில் பெயர். பக்கீரின் நிலையைக் கேட்டுக் கண் கலங்கினார். இது மூதூர்ப் பக்கத்து இரும்பு வியாபாரி ஜமால்தீனுடைய வேலையாகத்தான் இருக்கும், ஏலத்தில் தோற்ற கோபம் என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்தவன் காலை மிதித்தால்கூட ஜமால்தீன் மன்னிப்புக் கேட்க மாட்டார் என்று றம்லா சொன்னார்.

அருளம்பலம் ஜமால்தீனை அதோடு விட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தார். மிரட்டலுக்குப் பயந்து வெட்டை நிறுத்தக்கூடாது. பக்கீர் இல்லாவிட்டால் என்ன? ஸைனுலாப்தீன் முதலாளியே கொழும்புத் துறைமுகத்தில் காஸ் கட்டர் பிடித்து வாழ்க்கையைத் தொடங்கியவர்தானே? முதல் வெட்டை அவரே வெட்டட்டும். ஊர் பார்க்கட்டும்.

முதலாளியின் நெஞ்சு நிமிர்ந்தது. இருபது வருடமாக அவர் கட்டரைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று ஆசை இருந்தது. யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பாக்கியரத்தினம் ஜீப்பில் ஏறாமல் நின்றார்.

"சேர், 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்' எண்டு சொல்லுற மனிசன் திருகோணமலையிலை ஒராள்தான் இருக்கிறார். போன வருசம் பக்கத்து வீட்டு நாய் குலைக்குது எண்டு முறைப்பாடு தர வந்தவர். நாயிட்டையும் மன்னிப்புக் கேட்டுப்போட்டுத்தான் வந்தனான் எண்டவர்."

"ஆர் அது?"

"உவர்மலைக் கனகசுந்தரம். பழைய இஞ்சினியர்."

*

உவர்மலை வீட்டின் கதவைத் திறந்தவர் கனகசுந்தரத்தின் மனைவி குணேஸ்வரி. பொலிஸ் உடுப்பைக் கண்டும் அவர் பதறவில்லை. உள்பக்கம் திரும்பி, பால்காரன் வந்திருக்கிறான் என்கிற தொனியில் சொன்னார்.

"உங்களைப் பிடிக்க வந்திருக்கினம். ரெலிபோன் விளையாட்டு வேண்டாம் எண்டு நான் சொன்னனான்தானே."

கனகசுந்தரம் வந்தார். அந்த வெக்கைக்குள்ளும் கழுத்தில் ரை கட்டியிருந்தார். அறுபது வயது. நேரே இன்ஸ்பெக்டரின் முன்னால் வந்து, டெலிபோன் எடுத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். தபால் கந்தோரிலிருந்து எடுத்தாராம். பக்கீரைத் தள்ளினது மட்டும் தான் அல்ல என்றார். அந்தப் பொடியனுக்கு அடிபட்டது என்று கேட்டதும் அவருடைய முகம் வெளுத்ததை இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

"ஒரு பழைய இரும்பிலை உங்களுக்கு என்ன ஐயா இவ்வளவு பிடிப்பு?"

கனகசுந்தரம் கதிரையில் உட்கார்ந்தார். குணேஸ்வரி குசினிக்குள் போய்விட்டார். அந்தக் கதை நீளும் என்று அவருக்குத் தெரியும்.

படிக்க இங்கிலாந்துக்குப் போன கனகசுந்தரம், இருபதுகளின் நடுவில் அங்கே வடக்கில் ஒரு பீரங்கித் தொழிற்சாலையின் வரைபட அறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அறையில் கறுத்த தோல் அவர் ஒருவருக்குத்தான். முதல் உலகச் சண்டை முடிந்து, பெரிய நாடுகள் எல்லாம் வாஷிங்டனில் கூடி, இனிமேல் போர்க்கப்பல் இவ்வளவு பாரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பீரங்கியின் வாய் பதினாறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதியிருந்த காலம்.

"தலைவர்மார் கையெழுத்துப் போட்டிட்டுச் சாப்பிடப் போயிட்டினம். எங்களுக்குத்தான் சாப்பாடு இல்லாமல் போச்சுது. கப்பலின்ரை பாரம் கூடக்கூடாது, ஆனால் அடி குறையக்கூடாது. ஒரு கூண்டுக்குள்ளை மூண்டு குழலைத் திணிச்சம். குண்டைப் பாரம் குறைச்சு வேகத்தைக் கூட்டினம். குண்டு பறந்தது. கூடவே குழலின்ரை உள்பக்கமும் தேய்ஞ்சு பறந்தது."

முப்பதுகளில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. பதினாறு கூடாது, எல்லாரும் பதினாலு அங்குலத்தோடு நிற்போம் என்று இங்கிலாந்து சொன்னது. மற்றவர்களுக்கு முன்மாதிரியாக முதலில் தானே செய்யத் தொடங்கியது.

"யப்பான்?" என்று கேட்டார் பாக்கியரத்தினம்.

"கூட்டத்தை விட்டு எழும்பிப் போயிட்டான். நாங்கள் பதினாலிலை செய்து முடிக்க, அவன் பதினெட்டிலை செய்துகொண்டிருந்தான். ஒருத்தருக்கும் சொல்லாமல்."

பாக்கியரத்தினத்துக்கு இங்கிலாந்தின் மேல் முதல்தடவையாகப் பரிதாபம் வந்தது.

துறைமுகத்தில் கிடப்பது அந்தப் பதினாலு அங்குலக் குழல். அதன் பின்வாயை மூடுகிற பின்பூட்டின் வரைபடத்தில் ஒரு மூலை கனகசுந்தரத்தின் கையால் கீறியது. பிள்ளை இல்லை. கட்டிய பாலம் இல்லை. வாழ்க்கையில் தான் செய்ததில் கண்ணால் காணக்கூடியது அது ஒன்றுதான். அதைச் சுடாமலே துண்டு போடப் போகிறார்கள்.

குணேஸ்வரி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீரை இன்ஸ்பெக்டர் கையில் எடுத்தார். பிறகு, ஆசை சரி, ஆனால் ஆள் சாவார் என்று ஏன் மிரட்டினீர்கள் என்று கேட்டார்.

"மிரட்டல் இல்லை. எச்சரிக்கை." கனகசுந்தரம் முன்னுக்குச் சாய்ந்தார். "வெடிக்கேக்கை குழல் பிளக்காமல் இருக்க, உள்க்குழலைச் சுத்திப் பட்டைக் கம்பி சுத்தியிருக்கு. மைல் கணக்கிலை. வீணை நரம்பு மாதிரி இழுத்து இழுத்து இறுக்கிச் சுத்தி, அதுக்கு மேலை இன்னொரு உருக்குச் சட்டை போட்டிருக்கு. வெட்டுற நெருப்பு சட்டையைத் தாண்டிக் கம்பியிலை பட்டால், அவ்வளவு இறுக்கமும் ஒரு நொடியிலை அவிழும். கிட்ட நிக்கிறவன் ரெண்டு துண்டு."



"இதை ஏன் நேரை வந்து சொல்லேல்லை?"

"சொன்னனான். போன மாசம். அருளம்பலத்திட்டை."

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த தேத்தண்ணீர் பாதி வழியில் நின்றது.

"கேட்டிட்டு அவர் என்ன சொன்னவர்?"

"நல்ல மனிசன். இருந்து எல்லாத்தையும் கேட்டவர். எந்தப் பக்கம் நிண்டால் கூட ஆபத்து எண்டும் கேட்டவர். பின்பக்கம் எண்டனான். நன்றி சொல்லிப்போட்டுப் போனவர். பாத்தால்... அடுத்த கிழமையே வெட்டுக்கு நாள் குறிச்சாச்சு எண்டு கேள்விப்பட்டன். அதுக்குப் பிறகுதான் ரெலிபோன்."

சோமசேகரம் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

*

ஸைனுலாப்தீன் முதலாளிக்கு எந்தக் கம்பியைப் பற்றியும் தெரியாது.

"என்ன கம்பி? முள்ளுக்கம்பியா?"

முதல் வெட்டை எந்தப் பக்கத்தில் வெட்டப் போகிறீர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பின்பக்கத்தில் என்றார் முதலாளி. அங்கேதான் இரும்பு தடிப்பு, முதல் வெட்டு அங்கே விழுந்தால்தான் மதிப்பு என்று அருளம்பலம் சொன்னாராம்.

இன்ஸ்பெக்டர் கேட்டதைக் கேட்டபடி சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதலாளி நம்பவில்லை. எப்படி நம்புவார்? சண்டைக்குப் பிறகு காட்டுக்குள் கிடந்த வெற்றுத் தோட்டாக்களை இருவரும் சாக்கில் பொறுக்கித் தொடங்கிய வியாபாரம். ஒரே சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்து போனவர்கள். மகளுடைய கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்றவரே அருளம்பலம்தான்.

"அந்த மாப்பிள்ளை..." என்றார் றம்லா.

முதலாளி திரும்பிப் பார்த்தார்.

மருமகன் கலீலுர் றஹ்மானையும் வியாபாரத்தில் பங்காளியாகச் சேர்க்க வேண்டும் என்று முதலாளி போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கேட்டிருந்தார். அருளம்பலம் சிரித்துக்கொண்டே பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து அவர் இந்த வீட்டில் சாப்பிடவில்லை. இருவரில் ஒருவர் இறந்தால் மற்றவருக்கே எல்லாம் என்று ஆரம்பத்தில் பேசி எழுதிக்கொண்டது இன்னும் மாற்றப்படவில்லை. மருமகன் உள்ளே வந்தால் மாறிவிடும்.

முதலாளி கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். திடீரென்று வயது கூடியவர் போலத் தெரிந்தார்.

"பக்கீர் வெட்டியிருந்தா பக்கீர்தானே மௌத்தாகியிரிப்பான்..."

"அதுதான் பக்கீரை விலத்தினது," என்றார் இன்ஸ்பெக்டர். "கட்டர் உங்கடை கைக்கு வரோணும்."

ஆனால் சாட்சி? பக்கீர் முகத்தைப் பார்க்கவில்லை. கனகசுந்தரம் சொன்னதை அருளம்பலம் மறுத்துவிட்டால் முடிந்தது. ஒருவர் இன்னொருவரை இரும்பு வெட்டச் சொன்னது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை.

பாக்கியரத்தினம் தலையைச் சொறிந்தார். இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார்.

றம்லாதான் வாய் திறந்தார்.

"அப்ப... முதல் வெட்ட அவரையே வெட்டச் செல்லுங்களேன்."

*

குறித்த நாள் காலை துறைமுக ஓரம் திருவிழாவாக இருந்தது.

கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். மீன் விற்க வந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி பக்கீரும் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டு வந்திருந்தான். சனத்துக்குப் பின்னால் ரை கட்டிய கனகசுந்தரம். பக்கத்தில் குடையோடு குணேஸ்வரி.

அருளம்பலம் முன்பக்கத்தில், துவக்கின் வாயிலிருந்தும் நல்ல தூரத்தில் நின்றார். வெயிலுக்காக என்று சொல்லி ஒரு மரத்தடியைப் பிடித்திருந்தார்.

முதலாளி பேச எழும்பினார். தானும் அருளம்பலமும் சாக்குத் தூக்கிய கதையைச் சொன்னார். குரல் ஓரிடத்தில் தடுமாறியது. அது நடிப்பில்லை. பிறகு கட்டரை எடுத்துக்கொண்டு நேரே மரத்தடிக்கு நடந்தார்.

"இந்த வியாபாரத்துக்கு மூளை நீங்க. முதல் வெட்டு உங்கட கையால விழட்டும்."

சனம் கை தட்டியது.

அருளம்பலம் சிரித்தார். தனக்கு இந்த வேலை தெரியாது என்றார். தெரியாதது என்ன, நெருப்பைப் பிடித்தால் போதும் என்றார் முதலாளி. கண் சரியில்லை என்றார். கறுப்புக் கண்ணாடி இருக்கிறது என்று நீட்டினார் முதலாளி. வேட்டியோடு எப்படி என்றார். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது.

வேறு வழி இல்லாமல் வந்தார்.

துவக்கின் பின்பக்கம் கிட்டக்கிட்ட, அருளம்பலத்தின் நடை சிறுத்துக்கொண்டே போனது. கொஞ்சம் முன்பக்கமாக வெட்டினால் என்ன என்று கேட்டார். அங்கேதான் மதிப்பு என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் முதலாளி.

கட்டரின் நுனியில் நெருப்பு பற்றியது. மஞ்சளாக, புகையோடு எரிந்தது. வேலை தெரிந்தவன் என்றால் அந்த நெருப்பு வாழைத்தண்டைக்கூட வெட்டாது என்று கண்டுபிடித்திருப்பான். ஒட்சிசன் சிலிண்டரைப் பூட்டிவிட்டு, பாக்கியரத்தினம் அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

அருளம்பலம் அதைப் பார்க்கவில்லை. அவருடைய கண்ணாடிக்குள் வியர்வை ஓடியது.  நெருப்பு இரும்பை நெருங்கியது... இன்னும் ஒரு முழம்... இன்னும் ஒரு சாண்...

கட்டரை வீசி எறிந்தார்.

"ஏலாது! என்னை ரெண்டாக் கிழிச்சுப் போடும்!"

கை தட்டல் நின்றது. காகம் ஒன்று மட்டும் கத்தியது.

இன்ஸ்பெக்டர் சோமசேகரம் முன்னுக்கு வந்தார். அவசரமே இல்லாமல் கேட்டார்.

"எது கிழிக்கும்?"

"அந்த... உள்ளை இருக்கிற கம்பி..."

"கம்பி இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?"

அருளம்பலம் வாயை மூடினார். பிந்திவிட்டது. முதலாளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். முதலாளி அழுதுகொண்டு நின்றார்.

அருளம்பலம் ஓடினார்.

கடல் பக்கமாக, வேலியைத் தாண்டப் பாய்ந்தார். முள்ளுக்கம்பி வேட்டியைப் பிடித்துக்கொண்டது. வேட்டியை விட்டுவிட்டுப் போவதா, வேட்டியோடு அகப்படுவதா என்று யோசித்த நேரத்தில் இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்துவிட்டார்கள். கம்பிக்குப் பயந்து ஓடியவரைக் கம்பியே பிடித்துத் தந்தது.

ஜீப்புக்குக் கொண்டுபோகும்போது அவர் பக்கீரைக் கடந்து போக வேண்டியிருந்தது. தன் பக்க நியாயத்தை அங்கேயே சொல்லிவிட்டார்.

"உனக்கு நான் கெடுதி செய்யேல்லை. நீ வெட்டியிருந்தால் செத்திருப்பாய். தள்ளிவிட்டு உன்னைக் காப்பாத்தினனான்."

பக்கீர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். அருளம்பலத்தைப் பார்த்தான்.

"அப்ப நான் நன்றி செல்லோணுமா?"

பாக்கியரத்தினம் அருளம்பலம் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை எழுதிக்கொண்டார். ஊர் முழுக்கச் சாட்சி.

*

மத்தியானம் பொலிஸ் ஸ்டேஷனில் எல்லோரும் இருந்தார்கள். அருளம்பலம் கம்பிக் கூட்டுக்குள். மற்றவர்கள் நீட்டு மர வாங்கில்.

ஸைனுலாப்தீன் முதலாளி இன்ஸ்பெக்டரிடம் ஒரு யோசனை கேட்டார். உயிர் தப்பியதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி. ஆனால் இந்த எமனை இனி என்ன செய்வது? வெட்டவும் ஏலாது, தூக்கவும் ஏலாது. சனம் நடமாடுகிற இடத்தில் கிடக்கிறது.

கொழும்பிலிருந்து இராணுவ ஆட்களை வரவழைக்க வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர்.

வாங்கின் மூலையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. கனகசுந்தரம். மீண்டும் இருமினார். குணேஸ்வரி குடைப்பிடியால் அவருடைய முதுகில் ஒரு குத்துக் குத்தினார்.

"சொல்லுங்கோ. பாவம் அதுகள் கொழும்புக்குத் தந்தி அடிக்கப் போகுதுகள்."

கனகசுந்தரம் எழும்பி நின்றார். ரையைத் தளர்த்தினார்.

"அது... கம்பி சுத்தின துவக்கு இல்லை."

ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கம்பி சுத்தினது முந்தின காலத்திலை. நான் வேலைக்குச் சேரேக்கை அப்பிடித்தான். பிறகு நல்ல உருக்கு வந்திட்டுது. முப்பதுகளிலை நாங்கள் செய்த பதினாலு அங்குலத்திலை கம்பியே இல்லை. முழுக்க உருக்குக் குழல்தான், ஒண்டுக்கு மேலை ஒண்டு. கம்பி இல்லாமல் செய்தம் எண்டதுதான் எங்கடை பெருமையே."

இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்த ரெண்டு துண்டுக் கதை?"

"பயப்பிடுத்தச் சொன்னது. பயந்தால் வெட்டாமல் விட்டிடுவார் எண்டு நினைச்சன். அந்த மனிசன் பயப்பிடாமல்... யோசிக்கத் துவங்குவார் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களிட்டையும் அதையே சொன்னனான். பொலிசாவது வெட்டை நிப்பாட்டும் எண்டு."

"அப்ப நான் வெட்டியிருந்தா?" என்றார் முதலாளி.

"கை சுட்டிருக்கலாம். வேறை ஒண்டும் இல்லை."

கூட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அருளம்பலம் தலையைக் கம்பியில் சாய்த்திருந்தார். ஒருவனுடைய தோளை விலக்கி, ஒரே சைக்கிளில் போன நண்பனை விற்று, ஊர் முன்னால் வேட்டியையும் இழந்து... எல்லாம் ஒரு வெறும் இரும்பை நம்பி.

ஸைனுலாப்தீன் முதலாளியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வரச் சிரித்தார். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கனகசுந்தரத்தின் கையைப் பிடித்தார். பக்கத்திலேயே இருந்து சிரித்த முகம் இத்தனை வருடமாகத் தனக்கு விளங்கவில்லை, உங்களுடைய ஒரு பொய்தான் அதைக் காட்டித் தந்தது என்றார். கடையில் ஒரு கதிரை காலியாகிவிட்டது, இரும்பு தெரிந்த ஆள் வேண்டும், வருவீர்களா என்றும் கேட்டார்.

கனகசுந்தரம் யோசிக்கத் தொடங்கினார்.

"வருவார்," என்றார் குணேஸ்வரி. "வீட்டிலை இருந்தால் திரும்பவும் ஆருக்காவது ரெலிபோன் எடுப்பார்."

துவக்கு? பக்கீரின் தோள் சுகமாகட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் முதலாளி. அவசரம் இல்லையாம். கனகசுந்தரம் பக்கீரைப் பார்த்து, தோளுக்கு நல்ல ஓய்வு தேவை, மாசக் கணக்கில் தேவை என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார்.

எல்லோரும் போனபிறகு பாக்கியரத்தினம் மேசையில் குனிந்து குற்றப்பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் பேனை நின்றது.

"சேர், கொலை முயற்சிக்குப் பாவிச்ச ஆயுதம் எண்டு ஒரு இடம் இருக்கு. என்னத்தை எழுதிறது? அந்தத் துவக்காலை ஒரு கோழியைக்கூடக் கொல்ல ஏலாதாமே."

சோமசேகரம் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"'பொய்' எண்டு எழுதும், ஓய். தயாரிப்பு, உவர்மலை."